பன்னிரண்டாம் பக்கத்தின் அடிக்குறிப்பு

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது எங்கள் முதலாளி. அதுவும் சிரிப்புக் கதை. "வருஷ மலர்ல நாலு பக்கம் காலியா கெடக்கு சார். கனிமக் கம்பெனில பணம் போடறவங்க பண்ற கூத்த வச்சு ஜாலியா ஒண்ணு எழுதிடுங்களேன். படிச்சா சிரிக்கணும், கொஞ்சம் புத்தியும் வரணும்" என்றார். முதலாளியிடம் முடியாது என்று சொல்லும் வயதை நான் தாண்டிவிட்டேன். ஓய்வுபெற இரண்டு வருஷம்தான் பாக்கி. தலையை ஆட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நாங்கள் என்ன செய்கிறோம் என்று இந்த மலரை வாங்கும் சந்தாதாரர்களுக்குத் தெரியும். தெரியாமல் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்கிறேன். பூமிக்குள் செம்போ தங்கமோ இருக்கலாம் என்று துளை போட்டுப் பார்க்கிற சின்னச் சின்னக் கம்பெனிகள் உண்டு. அவர்களுக்குச் சுரங்கம் கிடையாது, விற்பனை கிடையாது, லாபம் என்ற பேச்சே கிடையாது. ஒரு மலை, ஒரு துளைக் கருவி, நிறைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையைப் பங்குகளாக நறுக்கி விற்பார்கள். அதை வாங்கலாமா, வாங்கினால் தலை தப்புமா என்று அலசி மாதம் இரண்டு அறிக்கை போடுவது எங்கள் பிழைப்பு. நான் அங்கே எடிட்டர். பத்தொன்பது வருஷமாக மற்றவர்களின் வாக்கியங்களை வெட்டிச் சாப்பிடுகிறேன்.

சிரிப்புக் கதையை இப்படித் தொடங்கினேன்:

"மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். இது எலியைக்கூடப் பிடிக்காமல் மலையை விற்றவன்—"

மோசமில்லை. இன்னும் நாலு வரி போயிருந்தால் முதலாளி தொந்தி குலுங்கச் சிரித்திருப்பார். ஆனால் கை அங்கேயே நின்றுவிட்டது. இந்தத் தொழிலில் எனக்கு முழுசாகத் தெரிந்தது ஒரே ஒரு கதை, அதில் சிரிப்பு இல்லை. அது ஓர் அறிக்கையின் பன்னிரண்டாம் பக்கத்தில், கீழே, பொடி எழுத்தில் கிடந்த ஓர் அடிக்குறிப்பில் தொடங்கியது. அதை அங்கே தள்ளியவன் நான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பாதி பாரம் குறையும் என்று நினைத்தேன். குறைந்த மாதிரி தெரியவில்லை.

2

இரண்டாவது தொடக்கம்:

"பொழுது புலரும் வேளையில், பனி விலகாத மலைச்சரிவில், அவள் தனியாக—"

(பொய். அவள் போய்ச் சேர்ந்தது பட்டப்பகலில். பனியும் இல்லை ஒன்றும் இல்லை. தகரக் கொட்டகை, அனல், ஒரு மின்விசிறி, அதுவும் ஓடவில்லை.)

'அவள்' என்று எழுதுகிறேனே தவிர, நேரில் நான் அவரை ஒருமையில் கூப்பிட்டதில்லை. எங்கள் பாறை நிபுணர். கதைக்குள் 'அவள்' என்றால்தான் கொஞ்சம் கிட்டே போக முடிகிறது. மன்னிக்கட்டும்.

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் கோணமானி. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கிற அரைவட்டப் பிளாஸ்டிக் கோணமானி ஒன்று அவள் கைப்பையில் எப்போதும் இருக்கும். எந்தக் கம்பெனியைப் பற்றி எழுதுவதானாலும் நேரில் போய்ப் பார்க்காமல் ஒரு வரி எழுத மாட்டாள். அவளுக்கென்று சில கேள்விகள் உண்டு. முதல் கேள்வி: "திரட்டின பணம் துளைக்குள்ள போகுதா, நாற்காலிக்குள்ள போகுதா?" சம்பளத்துக்கும் விளம்பரத்துக்கும் பாதிக்கு மேல் போனால் அவள் முகம் சுருங்கும். அடுத்து, எத்தனை தடவை புதுப் பங்கு அச்சடித்தார்கள் என்று பார்ப்பாள். பாலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் கடைசியில் கையில் இருப்பது தண்ணீர்தானே. பிறகு கல். துளைக் கருவி பூமிக்குள்ளிருந்து உருளை உருளையாகக் கல்லை எடுத்து வரும். அதை நெடுக்காகப் பிளந்து பாதியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, பாதியைப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும். "எல்லாத்தையும் ஆய்வுக்கு அனுப்பிட்டோம் மேடம்" என்று எவனாவது சொன்னால் நோட்டை மூடிவிடுவாள். பாதிக் கல்லை வைக்காதவனிடம் பாதி உண்மைகூட இருக்காது என்பது அவள் கட்சி.

இந்தச் செம்புக் கம்பெனி அந்தப் பரீட்சையில் எல்லாம் தேறியது. அதுதான் கொடுமை. நேர்மையாகத் துளை போட்டிருந்தார்கள், நேர்மையாகக் கல்லை அடுக்கி வைத்திருந்தார்கள்.

"நாப்பத்தோரு மீட்டர் மேடம்! ஒரே துளையில நாப்பத்தோரு மீட்டருக்குச் செம்பு!" என்று அங்கிருந்த மேலாளர் குதித்தார். புதுசாகத் தகப்பன் ஆனவன் மாதிரி இருந்தார்.

அவள் குனிந்து பார்த்தாள். கல்லில் செம்பு மின்னிய கோடுகள் உருளைக்குக் குறுக்கே ஓடவில்லை, நெடுகவே ஓடின. கோணமானியை வைத்தாள். ஐந்து டிகிரி. இன்னொரு பெட்டி, இன்னொரு பெட்டி. எல்லாம் ஐந்து, ஆறு.

இது ஏன் முக்கியம் என்று உங்களுக்குப் புரியாவிட்டால் கதையே புரியாது, அதனால் ஒரு நிமிடம். ஒரு செங்கல் சுவரைக் குறுக்கே துளைத்தால் முக்கால் அடியில் அந்தப் பக்கம் வந்துவிடுவீர்கள். அதே சுவரின் முனையில் நின்று நெடுக்கே துளைத்தால் முப்பது அடி போனாலும் செங்கல்தான் வரும். அதை வைத்து, "முப்பது அடித் தடிமனான சுவர்" என்று சொன்னால் எப்படி? இவர்கள் செய்தது அதுதான், அதுவும் தெரியாமல். நாற்பத்தோரு மீட்டர் செம்பு என்பது, அவள் கணக்கில், மூன்றரை மீட்டர்.

"குறுக்க ஒரு துளை போட்டுப் பார்க்கலையா?" என்று கேட்டாள்.

"அடுத்த சீசன்ல மேடம். இப்ப கையில காசு இல்ல. இந்த ரிசல்ட்ட காட்டித்தான் திரட்டணும்."

அவளுக்கு அந்த ஆள் மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. நம்பிக் கெட்டவனைப் பார்த்தால் எவனுக்கும் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அந்தப் பத்தியை எழுதிக்கொண்டே வந்தாள்.

3

இனி என் கைவரிசை.

அவள் எழுதிக் கொடுத்தது ஏழு வாக்கியம். இன்றும் மனப்பாடம். முதல் வாக்கியமே, "இந்த நாற்பத்தோரு மீட்டரை நம்பி யாரும் பணம் போட வேண்டாம்." எங்கள் தொழிலில் இப்படி யாரும் எழுத மாட்டார்கள். 'கவனம் தேவை' என்போம், 'உறுதி செய்யப்பட வேண்டியுள்ளது' என்போம். பூசி மெழுகுவதில் எங்களை மிஞ்ச ஆள் இல்லை.

எங்கள் அறிக்கையில் 'ஆபத்துகள்' என்று ஒரு பக்கம் உண்டு. அதில் ஒன்பது ஆபத்துகள் நிரந்தரமாகக் குடியிருக்கும். உலோக விலை இறங்கலாம், அனுமதி தாமதமாகலாம், மழை பெய்யலாம், மழை பெய்யாமலும் போகலாம். வக்கீல் எழுதிக் கொடுத்தது. ஒரு கமாவைத் தொட விடமாட்டார். எல்லா அறிக்கையிலும் அதே ஒன்பது, அதே வரிசை. அந்தப் பக்கம் வந்ததும் வாசகர்கள் எச்சில் தொட்டுப் புரட்டிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நிஜமான ஆபத்து பத்தாவதாக வந்து வாசலில் நின்றது. உள்ளே இடம் இல்லை.

ஏழு வாக்கியத்தையும் ஒன்றாக்கினேன். "குறிப்பிட்ட நீளம் துளையின் வழியே அளந்தது, தாதுவின் உண்மையான தடிமன் இன்னும் தெரியவில்லை." ஒரு நட்சத்திரக் குறி போட்டு, பொடி எழுத்தில், பன்னிரண்டாம் பக்கத்தின் அடியில் வைத்தேன்.

(இந்த இடத்தில் நீங்கள் ஒரு கவரை எதிர்பார்ப்பீர்கள். கம்பெனிக்காரன் எனக்குக் கொடுத்தது, உள்ளே நோட்டுக் கற்றை. அப்படி ஒரு பத்தி எழுதியும் பார்த்தேன், ஜோராக வந்தது. ஆனால் யாரும் எனக்கு எதுவும் கொடுக்கவில்லை. மாலை ஐந்து மணிக்கு அச்சுக்குப் போக வேண்டும், பக்கம் நிரம்பிவிட்டது, எனக்குப் பசித்தது. அவ்வளவுதான்.)

அவள் அச்சுப்படியைப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தாள்.

"சார், இது போதுமா?"

"விஷயம் இருக்குல்லம்மா? படிக்கறவன் படிப்பான்."

நட்சத்திரக் குறியை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

4

அவளுடைய அண்ணன் வருகிற இடம் இது. இங்கேதான் எனக்குச் சிக்கல். மனிதர் ரொம்ப நல்லவராக இருக்கிறார். நல்லவனை வைத்துக் கதை எழுதுவது கயிற்றின் மேல் நடக்கிற வேலை, கொஞ்சம் சாய்ந்தால் ஒப்பாரி ஆகிவிடும். அதனால் அவருக்குச் சில குறைகள் வைத்துப் பார்த்தேன். சீட்டாடுவார் என்று எழுதி அடித்தேன். பேராசைக்காரர் என்று எழுதினேன். அதை அடிக்கும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

இருப்பதை எழுதுகிறேன். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், நாலாவது மாடி. தங்கையைப் படிக்க வைத்தவர். அதைச் சொல்லிக் காட்டாதவர். ஆனால் பெருமைக்காரர். தங்கை எழுதுகிற அறிக்கை என்பதற்காகவே அவளுக்குத் தெரியாமல் சந்தா கட்டி வாங்குவார். மதியம் சாப்பிட்ட கையோடு கூட வேலை செய்கிறவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். "செம்புக்கும் எங்களுக்கும் என்ன அண்ணே சம்பந்தம்?" என்று அவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். "மோட்டார் சுத்தறது எதுல சுத்துது? படிக்கறத கேளு!" என்பார்.

அண்ணிக்கு இடுப்பு எலும்பில் கோளாறு. முதலில் படியேறும்போது வலித்தது, பிறகு இறங்கும்போது, பிறகு நினைத்தாலே வலித்தது. கடைசியில் கீழே இறங்குவதையே விட்டுவிட்டார். ஜன்னலில் உட்கார்ந்து பஸ் நிறுத்தத்தைப் பார்ப்பார். போகிற வருகிற நாத்தனாரிடம் புலம்பல் கலந்த கேலி பேசுவார்.

"உங்கண்ணன் ஊர்ல செத்துக் கெடக்கற லிஃப்டுக்கெல்லாம் உயிர் குடுப்பாரு. என்னை மட்டும் பரண்ல போட்ட பழைய பாத்திரமா வச்சிருக்காரு."

"கீழ் வீடு பார்த்துட்டுத்தானே இருக்காரு அண்ணி."

"பார்க்கட்டும் பார்க்கட்டும். நாலு பேர் என்னைத் தூக்கிட்டு எறங்கறதுக்குள்ள பார்த்தா சரி."

அண்ணன் ஒரு தரைத்தள வீட்டைப் பார்த்துப் பேசியும் வைத்திருந்தார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததும் வருங்கால வைப்பு நிதியில் எடுத்ததும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் வந்தது. கடன் வாங்க மாட்டார், அது அவர் பிடிவாதம். மிச்சம் ஒரு பங்கு எங்கிருந்து வரும் என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் அறிக்கை தபாலில் வந்து விழுந்தது.

5

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி. ஒரு கம்பெனியைப் பற்றி எழுதினால், அறிக்கை வெளிவந்து ஒரு மாதம் வரைக்கும் அதைப் பற்றி உறவினர், நண்பர் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. வாய்ப்பூட்டு மாதம் என்போம். விதி நல்லதுதான். வீட்டுக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிச் சம்பாதித்தவர்களால் வந்த விதி. கோணமானி அதை உயிராக மதித்தாள்.

அண்ணன் காலை பத்தரைக்கு ஃபோன் செய்தார். அடுத்த மேசையில் இருந்ததால் அவள் பேசியது என் காதிலும் விழுந்தது. அவர் பேசியதை அவள் பின்னால் சொன்னாள்.

"ஏம்மா, வேலையா இருக்கியா? ஒரே ஒரு சந்தேகம். அந்தச் செம்புக் கம்பெனி அறிக்கையில—"

"அண்ணா! நீங்க அதெல்லாம் எங்க படிச்சீங்க? அதப் பத்தி என்கிட்ட பேசாதீங்க, என் வேலையே போயிடும்."

"இல்லம்மா, வாங்கட்டுமான்னு கேக்கல. அதுல ஒரு எடத்துல—"

"அண்ணா, ப்ளீஸ். முழுசா படிங்க. எல்லாமே அதுல இருக்கு. வச்சிடறேன்."

"சரிம்மா, சரி. அண்ணிகிட்ட ஒரு வார்த்த பேசறியா? பக்கத்துலதான் இருக்கா."

"சாயங்காலம் பேசறேன்."

வைத்துவிட்டு நிமிர்ந்தாள். முகத்தில் நிம்மதி. முழுசாகப் படித்தால் அடிக்குறிப்பைப் பார்ப்பார், பார்த்தால் புரிந்துகொள்வார் என்று நம்பினாள். அவள் எழுதியது அங்கே இருந்திருந்தால் புரிந்துகொண்டிருப்பார். இருந்தது நான் எழுதியது.

அன்று சாயங்காலம் அவள் அண்ணியிடம் பேச மறந்துவிட்டாள்.

6

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், இந்தப் பகுதியை இழுக்க எனக்குத் தெம்பில்லை.

பங்கு ஆறு வாரத்தில் ஒன்றரை மடங்கை நெருங்கியது. சேர்த்ததை எல்லாம் போட்டு வாங்கியிருந்த அண்ணன் விற்கவில்லை, இன்னும் கொஞ்சம் ஏறினால் கணக்குச் சரியாக வந்துவிடும். விலை ஏறியதில் பணம் திரண்டுவிட, ஏழாவது வாரமே கம்பெனி குறுக்கே துளை போட்டது. மூன்று மீட்டர் செம்பு, அந்தப் பக்கம் வெறும் பாறை. காலையில் அறிவித்தார்கள். மதியத்துக்குள் பங்கு பத்தில் ஒன்றாகிவிட்டது. ஒரு பங்கு மிச்சம் எங்கிருந்து வரும் என்று கேட்டவருக்கு இப்போது இருந்த இரண்டும் இல்லை.

தரைத்தள வீட்டை வேறு யாரோ வாங்கினார்கள். அண்ணிக்கு அந்த மழைக்காலத்தில் சளிக்காய்ச்சல் வந்து நெஞ்சில் இறங்கியது. டாக்டர் மேலே வந்து பார்த்தார், எக்ஸ்ரே எடுக்கக் கீழே கூட்டி வரச் சொன்னார். நாளைக்குப் போகலாம், வலி கொஞ்சம் குறையட்டும் என்று அண்ணியே தள்ளிப்போட்டார். மூன்றாம் நாள் காலை போய்விட்டார்.

அலுவலகத்திலிருந்து நாங்கள் ஐந்து பேர் போயிருந்தோம். நான் இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒதுங்கி நின்றேன், மேலிருந்து அவரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். படி குறுகல். நாலு பேர் தூக்கினால் திரும்ப முடியாது. அண்ணன் முன்னால் பின்பக்கமாக இறங்கியபடி சொல்லிக்கொண்டே வந்தார். "தலைப் பக்கம் தூக்கு. பொறு, பொறு. இப்ப இடது கைய இறக்கு. செவுத்துல படாம. ஆங், அப்படித்தான். மெதுவா." இருபத்தெட்டு வருஷம் மோட்டார் இறக்கிய குரல். பதினான்கு மாதத்துக்குப் பிறகு அண்ணி அன்றைக்குத்தான் தரைக்கு வந்தார். எழுதும்போது கண் மறைக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

சில நாள் கழித்து, வீட்டை ஒழுங்குபடுத்தப் போன இடத்தில் அண்ணனின் கருவிப் பையில் கோணமானி அந்த அறிக்கையைப் பார்த்தாள். பன்னிரண்டாம் பக்கம் மடித்திருந்தது. அடிக்குறிப்பின் கீழே பென்சில் கோடு. பக்கத்தில் ஒரு படம்: ஒரு கட்டடம், மேலே ஒரு கப்பி, அதைச் சுற்றி இறங்கும் கயிறு. படத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. கயிற்றின் நீளம் வேறு, கட்டடத்தின் உயரம் வேறு. அண்ணன் அதைப் பிடித்துவிட்டார். அன்றைக்கு ஃபோனில் அவர் கேட்க வந்தது இதைத்தான்.

"வாங்கட்டுமான்னு கேக்கலம்மான்னு சொன்னார் சார்" என்று மறுநாள் என்னிடம் சொன்னாள். "என்னதான் கேக்கறீங்கன்னு ஒரு வார்த்த நான் கேட்டிருந்தா, எங்கண்ணி நடந்தே கீழ வந்திருப்பாங்க. கொன்னது நான்தான் சார்."

அன்றிலிருந்து அவள் அண்ணன் வீட்டுக்குப் போவதில்லை. கட்டட வாசல் வரைக்கும் இரண்டு தடவை போனாளாம், படியைப் பார்த்ததும் திரும்பிவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் கூப்பிடுவார். "ஒரு எட்டு வந்துட்டுப் போயேம்மா." "வேலை அண்ணா." மூன்று வருஷமாக இதே பேச்சு. அண்ணன் நாலாவது மாடியில் தனியாக இருக்கிறார்.

7

தங்கையைக் கூப்பிட்ட அன்றைக்கே அண்ணன் இன்னொரு இடத்துக்கும் ஃபோன் செய்தார்.*

* எங்கள் அலுவலகத்துக்கு. எடுத்தது நான்.

பார்த்தீர்களா? மறுபடியும் கீழே தள்ளிவிட்டேன். கதையிலேயே கனமான விஷயம், ஒரு நட்சத்திரத்தைப் போட்டு அடியில் ஒளித்து வைக்கிறேன். பழகிய கை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள், நான் நாலு சொல்லில் மறைத்துவிடுவேன். சரி, மேலே கொண்டு வருகிறேன்.

மதியம் இரண்டு மணி. கோணமானி சாப்பிடப் போயிருந்தாள். வாசகர் கேள்விக்கென்று அறிக்கையின் பின்னட்டையில் போட்டிருக்கும் எண் ஒலித்தது.

"வணக்கங்க. நான் ஒரு சந்தாதாரருங்க. பன்னெண்டாம் பக்கத்துல கீழ சின்னதா ஒண்ணு போட்டிருக்கீங்களே."

"சொல்லுங்க."

"துளை வழியா அளந்ததுன்னு. நான் லிஃப்ட் மெக்கானிக்குங்க. எங்க வேலையில கயிறு நீளம் வேற, கட்டடம் ஒசரம் வேற. நீளத்தப் பார்த்து ஒசரம்னு நெனச்சா தப்பாயிடும். அது மாதிரி எதாவதா இது?"

அவ்வளவு சரியாக எந்த வாசகரும் அதுவரை கேட்டதில்லை. ஆமாம் என்ற ஒரு சொல் போதும். ஆனால் என் முன்னால் அடுத்த இதழின் அச்சுப்படி கிடந்தது. ஆமாம் என்றால் அப்புறம் விளக்க வேண்டும், விளக்கினால் ஏன் கீழே போட்டீர்கள் என்று வரும்.

"அதெல்லாம் வழக்கமா போடறதுதாங்க. சட்டத்துக்காக."

"அப்ப பயப்பட ஒண்ணும் இல்லீங்களே?"

"பயப்படற மாதிரி இருந்தா மேல பெருசா போட்டிருப்போம்ல?"

"அதுவும் சரிதான்" என்று சிரித்தார். "ரொம்ப நன்றிங்க. நம்ம பிள்ளைங்க எழுதற அறிக்கை, தப்பா இருக்காது."

யார் என்று எனக்கு அப்போது தெரியாது, அவள் அண்ணனுக்கு என்ன வேலை என்று நான் கேட்டு வைத்ததில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில், "தலைப் பக்கம் தூக்கு" என்ற குரலைக் கேட்கும்போதுதான் தெரிந்தது. சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டேன்.

இரண்டு வாரம் கழித்துத் தனியாகப் போய்க் கதவைத் தட்டினேன். "வருத்தமா இருக்குங்க" என்று நான் வாயைத் திறந்ததுமே அவருக்கும் தெரிந்துவிட்டது. என்னையே பார்த்தார். திட்டுவார், அடிப்பார் என்று நின்றேன். "நாலு மாடி ஏறி வந்திருக்கீங்க. மொதல்ல தண்ணி குடிங்க" என்றார். தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார்.

"சார், அந்த ஃபோன் விஷயம் எந்தங்கச்சிக்கு வேணாம். உங்களப் பத்தி வாய் ஓயாம பேசுவா. தெரிஞ்சா வேலைய விட்டுடுவா, ரோஷக்காரி. போனது போச்சு."

எனக்கு அது எத்தனை சௌகரியமாக இருந்தது தெரியுமா? அவரே சொல்லிவிட்டார், நான் என்ன செய்ய என்று மூன்று வருஷம் ஓட்டிவிட்டேன். தங்கை தன்னைத்தான் குற்றவாளியாக நினைத்துப் படியேறாமல் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது. அவர் அந்த ஃபோனை மறைத்துவைத்திருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவன் நான் ஒருவன்.

8

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: எடிட்டர் அவளிடம் உண்மையைச் சொல்கிறான். அவள் அழுகிறாள், மன்னிக்கிறாள், அண்ணன் வீட்டுக்கு ஓடுகிறாள். (மன்னிப்பை நானே எழுதி நானே வாங்கிக்கொள்வதா? வெட்கம் கெட்ட வேலை. அடித்துவிட்டேன்.)

இன்னொன்று: எடிட்டர் சொல்லவில்லை. இரண்டு வருஷத்தில் மாலை போட்டு வழியனுப்புகிறார்கள். அவள்தான் வாழ்த்துரை படிக்கிறாள். "எங்கள் வாக்கியங்களைச் செதுக்கியவர்" என்கிறாள். (இதுதான் நடக்கும் என்று தோன்றியது. நடந்துவிடுமோ என்ற பயத்தில்தான் சிரிப்புக் கதையை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.)

மூன்றாவதாக, அண்ணனும்— வேண்டாம். அதை எழுதக்கூட மாட்டேன். அவர் நன்றாக இருக்கட்டும்.

நீங்களே சொல்லுங்கள். சொல்லாதே என்று கேட்டுக்கொண்டது நஷ்டப்பட்டவர். அவர் பேச்சை மீறலாமா? மீறினால் தங்கைக்கு ஒரு பாரம் இறங்கும், இன்னொரு பாரம் ஏறும். பூமிக்குள் என்ன இருக்கிறது என்று துளை போட்டுப் பார்க்காமல் தெரியாது, துளை போட்டால் மலை பழையபடி இருக்காது. இதில் ஆபத்து எவ்வளவு என்று கணக்குப் போட எனக்கு வரவில்லை, பத்தொன்பது வருஷம் அதே தொழிலில் இருந்தும்.

9

எங்கள் அலுவலகத்திலிருந்து அச்சுக்குப் போகிற எந்தக் காகிதமும் இப்போது கோணமானியின் பார்வைக்குப் போகாமல் போகாது. அறிக்கை, விளம்பரம், வாழ்த்துமடல், எல்லாம். அண்ணி போன பிறகு அவளே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. ஒரு சொல் விடாமல் படித்து, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவாள். வருஷ மலருக்கும் அதே விதிதான்.

இன்று வியாழக்கிழமை, காலை பதினொன்று. இதை அவள் மேசைத் தட்டில் வைக்கப் போகிறேன். அடிக்குறிப்பே இல்லாமல் வைக்க நினைத்தேன், ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன், நான் எப்படிப்பட்டவன் என்று அவளுக்குத் தெரிய வேண்டுமே. வாசகரே, இது அச்சாகி உங்கள் கைக்கு வந்திருந்தால், அவள் படித்துவிட்டாள் என்று பொருள். படித்தபின் என்ன செய்தாள் என்பது இந்த நிமிடத்தில் எனக்குத் தெரியாது.

இனி உங்களிடம் பேச ஒன்றும் இல்லை. மிச்சம் அவளுக்கு.

அம்மா, உங்க அண்ணன் அன்னிக்கு ரெண்டு தடவ கேட்டாரு. மொதல் தடவ உங்ககிட்ட. நீங்க விதிப்படி பதில் சொல்லல. ரெண்டாவது தடவ என்கிட்ட. நான் பதில் சொன்னேன். அந்தப் பதில நம்பித்தான் பணம் போட்டாரு. உங்க மௌனத்த நம்பி இல்ல. வேலைய விடறதுன்னா விடுங்க, என்னை விரட்டறதுன்னா விரட்டுங்க. ஆனா இந்த ஞாயித்துக்கிழமை அவரு கூப்பிட்டா போங்க.

இந்தக் கதையின் முடிவை நான் எழுதவில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன். எத்தனை வாக்கியம் வேண்டுமானாலும் எழுதுங்கள். ஒரு சொல்லைக்கூட வெட்ட மாட்டேன்.